கம்பி இல்லாமல் அலைனர் எப்படிப் பல்லை நகர்த்துகிறது?

"கம்பி இல்லை, முறுக்கி இறுக்குவதும் இல்லை. வெறும் பிளாஸ்டிக் உறை எப்படிப் பல்லை நகர்த்தும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோணல் பல்லை வரிசைப்படுத்தக் கழற்றி மாட்டும் அந்த உறைதான் அலைனர். ஒன்றேகால் வருடம் அதை மாட்டிக்கொண்டு திரிந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அந்த உறை உங்கள் பல்லுக்குச் சரியாகப் பொருந்தாது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். இன்னும் ஓரிரு வாரத்தில் பல் எங்கே நிற்க வேண்டுமோ, அந்த வரிசைக்கு வார்த்த உறை அது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல உறைகள்; ஒரு உறைக்கு ஒரு பல் நகர வேண்டிய தூரம் அதிகம் போனால் கால் மில்லிமீட்டர். அழுத்தி மாட்டும்போது, முக்கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கிறது. உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. பல்லைத் தள்ளுவது அந்த முரண்டுதான்.

மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்குமான புது ஜோடி உறையை இரவு படுக்கப் போகும்போது மாற்றுவேன். மறுநாள் காலையில் இட்லியைக்கூட முன்பல்லால் கடிக்க முடியாது. மூன்றாம் நாள் நகத்தால் நெம்பினாலே கழன்றுவரும். அதற்குள் பல் நகர்ந்துவிட்டதே என்று குதூகலித்தேன், பாதி உண்மைதான். வாய்ச்சூட்டிலும் எச்சில் ஈரத்திலும் பிளாஸ்டிக்கும் தொய்ந்துபோகிறது. அதன் விசையில் கணிசமான பங்கு முதல் நாளிலேயே குறைந்துவிடும்.

மீதி வேலை உடம்புடையது. பல்வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் அதில்தான் தொங்குகிறது. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. நார் இழுபடும் எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு படிகிறது. எலும்பு வழிவிட்டால்தான் பல் நகரும், அதற்கு நாள்கணக்கில் அழுத்தம் வேண்டும். ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டச் சொல்வது அதனால்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் கழற்றிப் பையில் போட்டுவிட்டு இரவுவரை மறந்துபோன நாட்கள் எனக்கும் உண்டு.

உறையால் தள்ள முடியும்; பிடித்து இழுப்பதும் திருப்புவதும் அதற்குக் கஷ்டம். பல்லைச் சாய்ப்பது சுலபம். உருண்டையான பல்லைத் திருப்புவது, ஈரக் கையால் வழவழப்பான பாட்டில் மூடியைத் திறப்பது போல. பிடிமானத்துக்காகப் பல் நிறத்தில் சிறு மேடுகளை ஒட்டுவார்கள். அட்டாச்மென்ட் என்று பெயர். அது இருந்தும் என் கீழ்க் கோரைப்பல் ஒன்பதாவது உறையில் பிடிவாதம் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தால் பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே மெல்லிய இடைவெளி. மருத்துவர் இரண்டு உறை பின்னால் போகச் சொன்னார். அதற்கும் மசியாததால் மறுபடி ஸ்கேன் எடுத்து, புது உறைகள் வரவழைக்க வேண்டியதாயிற்று.

எல்லாம் முடிந்து இப்போது இரவில் ரீடெய்னர் மட்டும் போடுகிறேன்; பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் உறை அது. நான்கு நாள் விட்டுவிட்டு மாட்டினால், அதே கோரைப்பல்லில் அதே பழைய வலி.