மீனவர்கள் சொல்றத வச்சு டால்பின், திமிங்கலம் பத்தி ஆராய்ச்சி பண்ணா அத நம்பலாமா?

நம்பலாங்க. ஆனா என்ன கேக்குறோம், எப்படி கேக்குறோம்ங்குறதுல தான் எல்லாமே இருக்கு.

நான் எம்.எஸ்சி படிக்கும்போது ராமநாதபுரம் கரையோர ஊர்கள்ல பேட்டி எடுக்க ரெண்டு மாசம் சுத்துனேன். முதல் வாரம் ஒண்ணுமே தேறல. கையில ஃபார்ம வச்சுக்கிட்டு "உங்க வலையில டால்பின் மாட்டிருக்கா"ன்னு நேரா கேட்டா யாரு சொல்லுவா? டால்பின், திமிங்கலம், கடல்பசு எல்லாம் 1972 வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, தெரியாம மாட்டி செத்துப்போனாலும் கேஸ் ஆயிருமோன்னு பயம். "அதெல்லாம் இந்தப் பக்கம் கெடையாது தம்பி"ன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க.

அப்புறம் ஃபார்ம பையில வச்சுட்டு, வலை சரி பண்ணிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்துல உக்காந்து மீன்பாடு எப்படி, காத்து எப்படின்னு பேசுனேன். அவரா சொல்ல ஆரம்பிச்சாரு, கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கிறப்ப என்ன தெரியும், வாடைக் காத்துல என்ன தெரியும், கூட்டமா துள்ளிக்கிட்டு வர்றது எது, முதுகுல செட்டையே (துடுப்பே) இல்லாம, துள்ளாம, கரையோரமா லேசா தலை காட்டிட்டு முங்கிப் போறது எதுன்னு பிரிச்சுப் பிரிச்சு சொன்னாரு. அந்தக் கடைசி ஆளு தான் நான் புத்தகத்துல படிச்ச ஃபின்லெஸ் பார்பாய்ஸ், டால்பினுக்குச் சொந்தக்கார இனம்! சர்வே பண்ற படகு வருசத்துக்கு ஒருதடவ ரெண்டுதடவ வந்து போகும், இவங்க வாரத்துல பாதி நாள் அங்கயே தான கெடக்குறாங்க.

பேர மட்டும் நம்பி எழுதிறாதீங்க, ஊருக்கு ஊர் மாறும், படத்தக் காட்டி கேக்கணும். "எந்த வருசம்"னு கேட்டா ஞாபகம் இருக்காது, சுனாமிக்கு முன்னயா பின்னயான்னு கேளுங்க, டக்குன்னு வரும். எத்தனை இருந்துச்சுங்குற கணக்குக்கு மட்டும் இத நம்பி இறங்க வேணாம்.

மீனவங்க ஞாபகம் எவ்வளவு உதவும்ங்குறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். சீனாவுல யாங்சி ஆத்துல பைஜின்னு ஒரு டால்பின் இருந்துச்சு. 2006ல ஆறு வாரம் கப்பல்ல தேடியும் ஒண்ணு கூட கண்ணுல படல. அதுக்கப்புறம் 2008ல அந்தக் கரை மீனவர்கள் நூத்துக்கணக்கான பேர்கிட்ட, நீங்க கடைசியா எங்க, எப்போ பாத்தீங்கன்னு கேட்டுத் தொகுத்தாங்க. ஒரு இனம் அழியும்போது கொஞ்சங் கொஞ்சமா ஒரு மூலைக்கு ஒதுங்கும்னு தான நெனைப்போம்? பைஜி அப்படி ஒதுங்கவே இல்ல, ஆறு நெடுக அங்கங்க தெரிஞ்சுக்கிட்டே இருந்து இல்லாமப் போயிருக்கு. இத எந்தக் கப்பல் சர்வேயும் சொல்லல, அந்த மீனவங்க ஞாபகம் தான் சொல்லுச்சு. அதே பேட்டியில இளவட்டங்க கணிசமான பேரு பைஜிங்குற பேரையே கேள்விப்பட்டதில்லன்னாங்க. அது போய் ரொம்ப வருசம் கூட ஆகல, அதப் படிச்சப்ப எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

ஏன்னா நம்ம பெரியவரோட பேரன்கிட்டயும் நான் பேசுனேன், அவனுக்கு எல்லாமே டால்பின் தான். தாத்தா சொன்ன அந்த செட்டை இல்லாதத அவன் பாத்ததே இல்லையாம். நீங்க இந்த மாதிரி வேலை ஏதும் தொடங்குறதா இருந்தா அறுபது தாண்டுனவங்க வீட்டுக்கு முதல்ல போங்க, ப்ளீஸ்.