பறவைக்கூடு பெரணி: தண்ணீரை எங்கே ஊற்றுவது?

கேள்வி: வீட்டுக்குள் வைத்திருந்த இரண்டு பெரணிச் செடிகள் அடுத்தடுத்துக் காய்ந்துவிட்டன. இப்போது பறவைக்கூடு பெரணி வாங்கியிருக்கிறேன். இலையின் அடியில் பழுப்புக் கோடுகள் தெரிகின்றன. பூச்சியா? இதற்குத் தண்ணீர் எப்படி ஊற்ற வேண்டும்?

பதில்: கோடுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடு நரம்பின் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சாய்ந்திருந்தால் அவை வித்துப் பைகள்தான், அதாவது ஸ்போர் எனப்படும் தூள் போன்ற நுண்வித்துகள் இருக்கும் பைகள். பெரணிகள் பூப்பதில்லை, விதை வைப்பதில்லை. இந்த நுண்வித்துகள் மூலம்தான் பரவுகின்றன. துடைத்து எடுக்காதீர்கள். ஒழுங்கில்லாமல் அங்கங்கே ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும் புள்ளிகள் என்றால் மட்டும் அது செதில் பூச்சி. ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம்.

நீங்கள் வாங்கியிருப்பது பொறுமையான செடி. நுண்ணிய இலை கொண்ட பெரணிகள் காற்றில் ஈரம் குறைந்தாலே சுருங்கிவிடும். இதன் இலை அகலம், தடிமனும் அதிகம். ஓரிரு நாள் மறந்தாலும் தாங்கும்.

காட்டில் இது பெரும்பாலும் மரக்கிளைகளில் ஒட்டி வளர்கிறது. கிண்ணம் போன்ற இலைவட்டத்தில் சருகும் மழைநீரும் சேரும். அங்கே மக்குவதே அதற்கு உணவு. அதைப் பார்த்துத்தான் பலரும் வீட்டிலும் நடுவில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மரத்தின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அறைக்குள் அப்படி இல்லை. தேங்கிய நீரில் குருத்து அழுகும். எல்லாப் புது இலையும் அந்த ஒரே நடுப்புள்ளியிலிருந்து வருவதால், குருத்து போனால் செடியே போயிற்று. எனவே தொட்டியின் ஓரமாக, மண்ணில் ஊற்றுங்கள். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு நன்றாக ஊற்றி, அடித்தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள்.

மண்ணும் முக்கியம். வேருக்கு ஈரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். வெறும் தோட்ட மண் இறுகிவிடும். தேங்காய் நார்க்கழிவு, மரப்பட்டைத் துண்டுகள், பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைப் பாறைத் துகள்), கொஞ்சம் மட்கிய உரம் என்று பொலபொலப்பாகக் கலந்துகொள்ளுங்கள். தொட்டி ஆழமாக இருக்கத் தேவையில்லை, அடியில் துளை இருந்தால் சரி.

வெளிச்சம் நிறைய வேண்டும், ஆனால் நேர் வெயில் இலையில் படக்கூடாது; பட்டால் வெளுத்து, கருகிப்போகும். 16 முதல் 27 டிகிரி செல்சியஸ் அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஏசியின் காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள், இலை நுனி பழுப்பாவதற்கு அதுவும் ஒரு காரணம். உப்பு அதிகமுள்ள தண்ணீர் இன்னொன்று. முடிந்தால் மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

உரத்தில் தாராளம் வேண்டாம். நன்றாக வளரும் மாதங்களில் திரவ உரத்தைப் பாதி அளவுக்குக் கரைத்து மாதம் ஒரு முறை விட்டால் போதும். அதிகமானால் புது இலைகள் கோணலாக வரும். அப்புறம், சுருண்டு எழும் இளங்குருத்தைத் தொடாதீர்கள், அது சட்டென்று காயப்பட்டுவிடும். பூனையோ நாயோ இலையைக் கடித்தாலும் கவலையில்லை, அவற்றுக்கு இந்தப் பெரணியில் நஞ்சு கிடையாது.