1900-க்கு முந்தைய பேஸ்பால் பேட்டர்கள்: கேள்வி பதில்

1871-இல் அமெரிக்காவில் முதல் தொழில்முறை லீக் தொடங்கியதிலிருந்து 1900 வரை, அந்தக் காலத்து பேட்டர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். சராசரி என்றால் ஹிட்டுகளை (பந்தை அடித்து, அவுட்டாகாமல் 'பேஸ்' என்ற நிலைக்குப் போய்ச் சேர்வது) அட்-பேட்டால் (கணக்கில் வரும் அடிக்கும் வாய்ப்புகள்) வகுத்தது. இன்று .300 வந்தாலே பெரிய பேட்டர்.

கே: ஒரே சீசனில் உச்ச சராசரி யாருடையது?
ப: அந்த ஆண்டு என்ன விதி என்று பார்க்காமல் சராசரியைத் தொடாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்லப் போகிறேன். லெவி மேயர்லி 1871-இல் .492, ஆனால் ஆடியது 26 ஆட்டம்தான். முழு சீசன் என்றால் 1894-இல் பாஸ்டனின் ஹ்யூ டஃபி, .440. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, பேட்டரிலிருந்து 60 அடி 6 அங்குல தூரத்துக்குத் தள்ளி நிறுத்தினார்கள். கிட்டேயிருந்து வீசிப் பழகியவர்கள் திணறிப்போனார்கள். 1894-இல் லீக் முழுவதன் சராசரியே .300-ஐத் தாண்டியது. பிலடெல்பியாவில் டெலஹான்டி, ஹாமில்டன், தாம்ப்சன் மூவருமே .400-க்கு மேல்.

கே: பேப் ரூத்?
ப: 1914-இல் ஆட வந்தவர். அடுத்தது.

கே: ராஸ் பார்ன்ஸ் விதியின் ஓட்டையில் அடித்தவர்தானே?
ப: ஓட்டை இல்லை, அதுதான் விதி. பந்து முதலில் களத்தின் எல்லைக் கோட்டுக்கு உள்ளே குத்திவிட்டால் போதும், அப்புறம் வெளியே ஓடினாலும் செல்லும். பார்ன்ஸ் வேண்டுமென்றே அப்படி வெட்டி அடிப்பார், ஃபீல்டர் துரத்திப் பிடிப்பதற்குள் பேஸில் நிற்பார். 1876, நேஷனல் லீக்கின் முதல் சீசன், சிகாகோவுக்காக .429. மறு ஆண்டு விதியை மாற்றினார்கள், சராசரி சரிந்தது. எல்லோரும் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அதே 1877-இல் அவர் காய்ச்சலில் விழுந்து 22 ஆட்டம்தான் ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: 1887-இல் டிப் ஓ'நீல் .485 என்று ஒரு பழைய பட்டியலில் இருக்கிறதே, டஃபியை விட அதிகம்?
ப: அந்த ஒரு ஆண்டு மட்டும் 'வாக்', அதாவது தவறான பந்துகளால் சும்மா பேஸுக்கு நடந்து போவதையும், ஹிட்டாக எண்ணினார்கள். போதாததற்கு அவுட்டாக மூன்றுக்குப் பதில் நான்கு ஸ்ட்ரைக் (அடிக்காமல் விட்ட நல்ல பந்து அல்லது வீசித் தவறவிட்ட பந்து). செயின்ட் லூயிஸின் ஓ'நீல் உண்மையில் அடித்தது 517-க்கு 225, அதாவது .435. 50 வாக் சேர்ந்ததால் .485.

கே: (அவரே) அன்றைய விதிப்படி அது ஹிட்தானே? பார்ன்ஸுக்கு ஒரு நியாயம், ஓ'நீலுக்கு ஒரு நியாயமா?
ப: நல்ல கேள்வி, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்ன்ஸ் மட்டையால் பந்தை அடித்தார். வாக் வாங்க மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாலே போதும்.

கே: (வேறொருவர்) அப்படியானால் கேப் ஆன்சனின் சராசரிப் பட்டம்?
ப: அதைத்தான் சொல்ல வந்தேன். 1887-இல் நேஷனல் லீக்கில் ஆன்சன் .421 என்று முதலிடம். வாக்கை எடுத்துவிட்டால் .347, டெட்ராய்ட்டின் சாம் தாம்ப்சன் .372. பட்டம் யாருக்கு? அன்று கொடுத்தது கொடுத்ததுதான் என்பார்கள், சரி, வரலாறாக அது அப்படியே இருக்கட்டும். யார் நன்றாக அடித்தார் என்று கேட்டால் தாம்ப்சன். ஆன்சனின் மொத்த ஹிட்டுக்கே புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு கணக்கு இருப்பதற்கு இந்த 1887-உம் ஒரு காரணம்.

கே: ஹோம் ரன்னில் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) ரூத்துக்கு முன்...
ப: 1884-இல் சிகாகோவின் நெட் வில்லியம்சன், 27. அவருடைய மைதானத்தில் இடது வேலி 200 அடிகூடக் கிடையாது. முந்தைய ஆண்டு அதைத் தாண்டினால் வெறும் டபுள்தான், அதாவது இரண்டு பேஸ் மட்டும். மறுபடி, விதி! 1919-இல் 29 அடித்து அதை முறியடித்தது ரூத்தான், போதுமா?

கே: டை காப்?
ப: 1905-இல் ஆட வந்தவர். தலைப்பைப் படியுங்கள்.

கே: வில்லி கீலர்?
ப: 1897, பால்டிமோர், .424, தொடர்ந்து 44 ஆட்டங்களில் ஹிட்.

கே: கறுப்பினத்தவர் யாருமே இல்லையா?
ப: இருந்தார்கள். பஃபலோவில் ஃபிராங்க் கிரான்ட், 1886 முதல் மூன்று சீசனும் .340-க்கு மேல், அவர் ஆடிய லீக், மேஜர் லீக் என்ற உச்ச நிலைக்கு ஒரு படி கீழே. 1887 ஜூலையில் அந்த லீக்கின் நிர்வாகிகள் இனிக் கறுப்பினத்தவரோடு புது ஒப்பந்தம் இல்லை என்று வாக்களித்தார்கள். மேலே பட்டத்துக்குச் சண்டை போட்டோமே அந்த ஆன்சன், 1883-இலேயே டொலிடோவில் கறுப்பின வீரர் ஃப்ளீட் வாக்கர் களத்தில் இருந்தால் ஆட மாட்டேன் என்று மிரட்டியவர்.

கே: ரூத் 19-ஆம் நூற்றாண்டில் ஆடியிருந்தால்?
ப: 1895-இல்தான் பிறந்தார்.