காஸா ஹோட்டலில் ஐந்து இரவுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இந்தச் செப்டம்பரில் நானும் கணவரும் போய்வந்தோம். மணாலியிலிருந்து குன்ஸும் கணவாய் வழியாக ஒரே நாளில் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா. அங்கே ஒரு ஹோட்டலில் ஐந்து இரவு. முதல் இரவு முழுக்கத் தலைவலி, தூக்கமே இல்லை. ஆனாலும் மறுநாளே கார் பிடித்து லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்று மேலே இருக்கும் மூன்று கிராமங்களையும் பார்த்துவிட்டோம். அடுத்த நாள் கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம். இன்னொரு நாள் தன்கர், தாபோ மடாலயங்கள்.

திரும்பி வந்து படங்களைக் காட்டியபோது என் தம்பி சிரித்தான். "ஹோட்டல்ல தங்கி, கார்ல போய் எட்டிப் பாத்துட்டு வர்றதுக்குப் பேரு ஸ்பிட்டி பாத்ததா? கிராமத்து வீட்டுல தங்கியிருக்கணும்" என்றான். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. அடுத்த ஆண்டு அறுபது வயதான அக்காவையும் அழைத்துப் போக நினைக்கிறோம். இந்த முறை கிராமத்து வீட்டிலேயே தங்கிவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

வணக்கம்.

உங்கள் தம்பி சொன்னதை ஒரு காலத்தில் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வீறாப்பில்தான் முதல் தடவை போனபோது காஸாவில் வண்டியை நிறுத்தாமல் நேராகக் கோமிக் ஏறி, ஒரு வீட்டில் தங்கினேன். சாணம் எரியும் அடுப்பு, வெண்ணெய்த் தேநீர், சுடச்சுட துக்பா என்ற நூடுல்ஸ் சூப். எல்லாம் நினைத்தபடியே இருந்தது. இரவு பதினொரு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு வீட்டுக்காரர் டிரைவரை எழுப்பி, என்னைக் கம்பளியில் சுற்றிக் கீழே அனுப்பினார். காஸாவில் ஒரு ஹோட்டல் அறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். தலைக்குள் அடித்துக்கொண்டிருந்த சம்மட்டி காலையில் நின்றுவிட்டது. மருந்து எதுவும் சாப்பிடவில்லை. கீழே இறங்கியது மட்டும்தான்.

காஸா சுமார் 3,650 மீட்டர் உயரம். கோமிக் 4,500 மீட்டருக்கும் மேல். உயரம் கூடினாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். அழுத்தம் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. கோமிக்கில் உங்களுக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் 60 சதவீதத்தை எட்டாது. பகலில் கொஞ்ச நேரம் என்றால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். தூக்கத்தில் மூச்சின் வேகம் குறையும்போதுதான் வம்பு. அதனால்தான் மலையேறுபவர்கள் பகலில் உயரே போனாலும் இரவில் இறங்கி வந்து தூங்குகிறார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. காஸாவில் அறை எடுத்துக்கொண்டு பகலில் கிராமங்களுக்குப் போய்வந்தீர்களே, தெரியாமலே அந்த ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். தம்பியிடம் சொல்லுங்கள்.

தப்பு நடந்தது மணாலியில். சுமார் 2,000 மீட்டரில் தூங்கி எழுந்தவர்கள் அன்றிரவே 3,650இல் படுத்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? மறுநாள் ஹோட்டலிலேயே கிடந்து, வெந்நீர் குடித்து, சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடந்து வந்திருக்கலாம். ஒரு நாள் வீணாகிறதே என்று தோன்றும்தான். தலைவலியோடு மூன்று கிராமம் பார்த்ததும் வீண்தானே?

உங்கள் பட்டியலைத் திரும்பப் படித்தேன். மூன்று நாளில் எட்டு இடம். எங்கே படுத்தீர்கள் என்பதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. லாங்சாவில் அந்தப் பெரிய புத்தர் சிலையோடு படம் எடுத்திருப்பீர்கள். அதற்குப் பக்கத்துச் சரிவுகளில் கிடக்கும் கறுப்பு நிறக் கற்களைக் கவனித்தீர்களா? இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்தது டெதிஸ் கடல். அதில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரியின் சுருள் ஓடுகள் 4,400 மீட்டர் உயரத்தில் கல்லாகிக் கிடக்கின்றன. நம் வீட்டுப் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான், அது நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருகிறது. (பிள்ளைகள் விற்க நீட்டினாலும் வாங்கி வராதீர்கள். அங்கேயே கிடக்கட்டும்.)

ஹிக்கிமில் 1983 முதல் நடக்கும் தபால் அலுவலகத்திலிருந்து நீங்களும் உங்களுக்கே ஒரு கார்டு போட்டிருப்பீர்கள். எல்லோரும் போடுகிறோம். சிச்சம் பாலத்தில் எல்லோரும் கீழே எட்டிப் பார்ப்பார்கள். 2017இல் அது திறக்கும்வரை அந்த ஊர்க்காரர்கள் அதே பள்ளத்தைக் கயிற்றில் தொங்கும் ஒரு பெட்டியில் உட்கார்ந்து கடந்தார்கள். பாலத்தைவிட எனக்கு அந்தப் பெட்டிதான் மனதில் நிற்கிறது.

தாபோவை அரை நாளில் முடித்தீர்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மண்மேடு போல இருக்கும், ஏமாந்திருப்பீர்கள். அதைக் கட்டியது 996இல். தஞ்சையில் ராஜராஜன் பட்டத்துக்கு வந்து பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. பெரிய கோயில் எழும்ப இன்னும் பதினான்கு ஆண்டு இருந்தது. நாம் கருங்கல்லை நம்பினோம், அவர்கள் பச்சை மண்ணை நம்பினார்கள். 1975 நிலநடுக்கத்தில் அடிபட்டும் அந்த மண் நிற்கிறது. உள்ளே இருட்டு. கண் பழகவே பத்து நிமிஷம் ஆகும். அப்புறம்தான் சுவரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட சுதை உருவங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வெளியே வரும். பின்னால் கருவறையைச் சுற்றிவரும் பாதையில் சுவர் முழுக்க ஓவியம். பெரிய கோயிலின் உள்சுற்றில் சோழர் ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இருட்டு பழகின இருட்டாகத் தெரியும். படம் எடுக்க அனுமதியில்லை. நல்லவேளை. கீ மடாலயம் படத்தில் அழகு, மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தாபோதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிராமத்து வீடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஹோட்டலைவிட அது ஒரு விஷயத்தில் மேல், ஆனால் தம்பி சொன்ன காரணத்துக்காக அல்ல. தண்ணீர்தான் காரணம். மழை அபூர்வமான ஊர் அது. பனி உருகி ஓடிவரும் நீரை வாய்க்காலில் திருப்பித்தான் பார்லியும் பட்டாணியும் விளைகின்றன. பனி குறைந்த ஆண்டில் வயல் காயும். கிராமத்து வீடுகளில் தண்ணீர் ஊற்றாத கழிப்பறைதான். மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் கீழே எருவாகி வயலுக்குப் போகிறது. ஹோட்டலில் நாம் ஃப்ளஷ்ஷை அழுத்துகிறோம், ஷவரில் நிற்கிறோம். உறுத்த வேண்டுமென்றால் இது உறுத்தட்டும். ஒரு வாளியில் குளித்து முடியுங்கள்.

அக்காவோடு போகும்போது மணாலி வழியாக ஏறாதீர்கள். சிம்லாவில் ஆரம்பித்து சராஹன், கல்பா என்று இரவுகளைப் பிரித்துக்கொண்டு போங்கள். கல்பா 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே, தாபோ சுமார் 3,280. உடம்புக்கே தெரியாமல் ஏறிவிடலாம். கிளம்புமுன் அக்கா அவருடைய மருத்துவரைப் பார்க்கட்டும். உயரத்தில் வரும் இந்த உபாதைக்குக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையும் அவர் சொன்னால் மட்டும். யாருக்காவது நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் இறக்கிவிடுங்கள்.

தாபோவில் இரண்டு இரவு. காஸாவில் உங்கள் பழைய ஹோட்டலிலேயே மூன்று இரவு. கடைசியாக, எல்லோருக்கும் தலை லேசாக இருந்தால், தன்கரில் ஒரே ஓர் இரவு ஏதாவது வீட்டில். கோமிக் வேண்டாம். அங்கே அந்த வீட்டுக்காரருக்கு நான் இன்னும் ஒரு கம்பளி பாக்கி.