பிஎச்பியை விட்டுவிட்டு கோ மொழிக்கு மாறலாமா?

கேள்வி: ஆம்னி பஸ் டிக்கெட் பதிவுத் தளம் ஒன்றை ஐந்து பேராக நடத்துகிறோம். எல்லாமே பிஎச்பி மொழி, அதில் எழுத உதவும் லாராவெல் கட்டமைப்பு, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். தினமும் 20,000 பேர் வருகிறார்கள், தீபாவளி சமயத்தில் 2 லட்சம் வரை போகலாம். இப்போதே தேடல் பக்கம் திறக்க 4 விநாடி ஆகிறது. பெரிய தளத்துக்கு பிஎச்பி தாங்காது, கோ மொழியில் திரும்ப எழுதுங்கள் என்கிறார் முதலீட்டாளர். என்ன செய்யலாம்?

பதில்: திரும்ப எழுத வேண்டாம். அதுவும் தீபாவளியை எதிரே வைத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. 2 லட்சம் பேர், ஆளுக்கு 20 கோரிக்கை (சர்வரிடம் பக்கமோ தகவலோ கேட்பது) என்றால் ஒரு நாளைக்கு 40 லட்சம். ஒரு நாளின் 86,400 விநாடிகளுக்குப் பங்கிட்டால் விநாடிக்கு 46. மாலையில் கூட்டம் குவியும் என்பதால் பத்து மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், 460. தரவுத்தளம் சட்டென்று பதில் சொன்னால், நாலைந்து சாதாரண சர்வர்களில் பிஎச்பியே இதைச் சமாளித்துவிடும்.

சரி, அந்த 4 விநாடி எங்கே போகிறது? பெரும்பாலும் தரவுத்தளத்தில்தான். தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விதான் க்வெரி; மெதுவானவற்றைக் குறித்துவைக்கும் மைஎஸ்க்யூஎல்லின் ஸ்லோ க்வெரி லாகை இன்றே ஆன் செய்து பாருங்கள். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி மூன்றுக்கும் சேர்த்து இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) இல்லாமல் முழு டேபிளையும் துழாவும் க்வெரி ஒன்று இருக்கலாம். பஸ் பட்டியலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் காலி இருக்கையைத் தனித்தனியாகக் கேட்கும் லூப் இருக்கலாம். லாராவெல்லில் தெரியாமலே இதில் மாட்டிக்கொள்வோம். எந்த மொழியிலிருந்து கேட்டாலும் அந்த க்வெரி அதே நேரம்தான் எடுக்கும்.

நான் முன்பு இருந்த ஒரு குழுவில் பிஎச்பியிலிருந்து ஜாவாவுக்கு மாற ஒரு வருடத்துக்கு மேல் செலவழித்தோம். முடித்த பிறகும் பக்கம் மெதுவாகத்தான் திறந்தது. விடுபட்டிருந்தது ஒரே ஒரு இண்டெக்ஸ். அத்தனை மாதமும் வாடிக்கையாளருக்குப் புதிதாக எதையுமே கொடுக்கவில்லை என்பது இன்னும் என்னை உறுத்துகிறது.

ஒரே இருக்கையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் தரவுத்தளத்திலேயே தீர்க்க வேண்டும். பயணம், இருக்கை எண் இரண்டுக்கும் சேர்த்து யுனிக் கட்டுப்பாடு போடுங்கள், ஒரே பயணத்தில் ஒரே இருக்கை இரண்டாம் முறை பதிவாகாது.

முதலீட்டாளரிடம் ஃபேஸ்புக்கைச் சொல்லுங்கள். 2010இல் 40 கோடிப் பேர் பயன்படுத்தியபோதும் அது பிஎச்பியில்தான் ஓடியது. குறியீட்டைத் தூக்கி எறியாமல், அதை வேகமாக ஓட்ட ஹிப்ஹாப் என்ற கருவியை உருவாக்கினார்கள். பிஎச்பியை ஒட்டி அவர்கள் உருவாக்கிய ஹாக் மொழி வந்தது 2014இல். ட்விட்டர் ரூபியிலிருந்து ஸ்காலாவுக்கு மாறியது உண்மைதான். ஆனால் அவர்களும் நெருக்கடி இருந்த பகுதிகளை ஒவ்வொன்றாகத்தான் பிரித்து எடுத்தார்கள்.

மொழி நிஜமாகவே முக்கியமாகும் இடம் ஒன்று உங்களுக்கு வரலாம். பஸ் இப்போது எங்கே வருகிறது என்று நேரலையில் காட்டுவது. இதற்கு ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். வழக்கமான பிஎச்பி அமைப்பில் ஒவ்வொரு இணைப்பும் சர்வரில் தனியாக ஓடும் ஒரு புராசஸைப் பிடித்துக்கொள்ளும், நினைவகம் தீர்ந்துவிடும். கோ மொழியில் ஒரு இணைப்பைக் கவனிக்க ஒரு கோரூட்டீன், அதாவது தனியாக ஓடும் ஒரு சின்ன வேலை, போதும்; அது சுமார் 2 கிலோபைட் நினைவகத்தில் தொடங்குகிறது. வாட்ஸ்அப் எர்லாங் மொழியை வைத்து 2012இல் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியதும் இப்படிப்பட்ட வேலைக்குத்தான். அந்தப் பகுதியை மட்டும் கோவுக்குக் கொடுங்கள். உங்களில் ஒருவர் கற்றுக்கொண்டால் போதும், டிக்கெட் பதிவு லாராவெல்லிலேயே இருக்கட்டும்.

அப்புறம், லாகின் செஷன்களை (யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்ற குறிப்புகளை) சர்வரின் வட்டிலிருந்து, எல்லா சர்வர்களும் பகிரக்கூடிய ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்புக்கு மாற்றுங்கள். அப்போதுதான் கூட்டம் ஏறும்போது சர்வர்களைக் கூட்டிக்கொண்டே போக முடியும். தீபாவளி முன்பதிவு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே, நிஜ அளவு தரவுள்ள ஒரு நகல் தளத்தில் விநாடிக்கு 500 கோரிக்கை அனுப்பிச் சோதித்துப் பாருங்கள்.