கோகோபோலோ மரத்தில் கடைந்த குமிழ்களில் வார்னிஷ் ஏன் காய்வதில்லை?

இழுப்பறைக்காகக் கோகோபோலோவில் குமிழ் கடைந்து வார்னிஷ் அடித்தேன், பத்து நாளாகியும் பிசுபிசுக்கிறது, பசையும் பிடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கைவேலையில் குறை இல்லை. அந்த மரத்தின் வைரத்தில் ஊறியிருக்கும் எண்ணெய்தான் காரணம். அம்மாவின் மருந்து அலமாரிக்கு எட்டுக் குமிழ் கடைந்தபோது எனக்கும் இதுவேதான் நடந்தது.

கோகோபோலோ மத்திய அமெரிக்க மரம். நம்ம ஊர் ஈட்டியும் இதே டால்பெர்ஜியா இனம்தான், ஆனால் அந்தப் பழக்கத்தில் இதைத் தொடக்கூடாது. ஆளி எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் எல்லாம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் இறுகும். இந்த மரத்தின் எண்ணெயில் உள்ள பொருட்கள் அந்தச் சேர்க்கையையே தடுத்துவிடுகின்றன. எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பயன் இல்லை.

அடித்த வார்னிஷை முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டு, அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, மெல்லிசாக மூன்று கை பூசுங்கள். ஸ்பிரிட் ஆவியாகப் போனாலே அரக்கு இறுகிவிடும், அதற்கு ஆக்ஸிஜன் தேவையில்லை. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மை கடைபவர்கள் சுழலும் கட்டைமேல் அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே நிறம் ஏற்றுவார்கள். அது பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை. ஆனால் அவ்வளவு சூட்டை நான் கோகோபோலோவுக்குக் கொடுக்க மாட்டேன். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்த சூட்டிலேயே என் குமிழ் ஒன்றின் முகத்தில் மயிரிழை விரிசல் விழுந்தது. உளியை அடிக்கடி தீட்டி, உப்புத்தாளுக்கு அதிக வேலை வைக்காமல் கடையுங்கள். தாளும் எண்ணெய் ஏறிச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

பசையை நம்ப வேண்டாம். வெள்ளைப் பசை போட்டு ஒட்டிய இரண்டு குமிழ்கள் ஒரே மாதத்தில் அம்மாவின் கையோடு வந்துவிட்டன. இப்போது எட்டுமே பின்பக்கத்திலிருந்து திருகாணி போட்டவை. முதலில் துளை போட்டு, மெழுகு தடவிய இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். பிறகுதான் பித்தளைத் திருகாணி. நேராக ஏற்றினால் இந்தக் கட்டையின் இறுக்கத்துக்குப் பித்தளை முறிந்துவிடும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால், அசிட்டோனால் துடைத்த கையோடு எபாக்ஸி பசை வையுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் தூசி. இரண்டாம் நாளே எனக்கு முன்கையும் இமையும் தடித்து அரிக்க ஆரம்பித்தன. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் தூசி பட்டாலே போதும், திரும்ப வந்துவிடும். முகக்கவசம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

அப்புறம், 2013 முதல் இந்த மரம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டில் அவ்வளவு அருகிப்போய்விட்டது. வாங்கும்போது அனுமதிப் பத்திரம் கேளுங்கள். பேனா கடைவதற்கென்று விற்கும் சின்னக் கட்டை அளவுத் துண்டிலேயே மூன்று சின்னக் குமிழ் எடுக்கலாம்.

கடைந்த அன்று ஆரஞ்சாக எரியும் நிறம் நாளாக ஆகக் கருஞ்சிவப்பாக மாறும். பிறகு ஒன்று உடைந்தால் புதிதாகக் கடைந்தது மற்றவற்றோடு சேராமல் தனியாகத் தெரியும். அதனால் இப்போதே இரண்டு கூடுதலாகக் கடைந்து, மற்றவற்றைப் போலவே வெளிச்சம் படும் இடத்தில் வைத்துவிடுங்கள்.