அட்டைப் பாறையின் எடை

அன்புள்ள ஐயா,

பழைய திரைப்படங்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசித்து வருகிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் திரையரங்கின் ஞாயிறு காலைக் காட்சியில் அப்பாவுடன் ஸ்டீவ் ரீவ்ஸ் நடித்த ஹெர்குலிஸ் படத்தைப் பார்த்தேன். படம் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஹெர்குலிஸ் ஒரு மரத்தை வேரோடு பிடுங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் தேடித் தேடி அந்தக் கால இத்தாலியப் படங்கள் இருபதுக்கு மேல் பார்த்துவிட்டேன். ஹெர்குலிஸ், மாச்சிஸ்தே, கோலியாத், சாம்சன் என்று ஒருவரையும் விடவில்லை.

என் மகன் ஒரு நாள் உடன் உட்கார்ந்தான். பத்து நிமிடத்தில் சிரிக்கத் தொடங்கிவிட்டான். “அப்பா, பாறை அட்டை. விழுந்ததும் துள்ளுகிறது பாருங்கள். வாய் ஒன்று சொல்கிறது, குரல் ஒன்று சொல்கிறது” என்றான். எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். அங்கும் சிரிப்பு. குப்பைப் படங்களைக் குப்பை என்று தெரிந்தே ரசிக்கலாம், அதில் தவறில்லை என்று ஒரு நண்பர் பெருந்தன்மையோடு அனுமதி தந்தார். எனக்கு அந்த அனுமதி பிடிக்கவில்லை. ரீவ்ஸ் மாபெரும் நடிகர் என்றுதான் நினைக்கிறேன். இது வெறும் சிறுவயது ஏக்கமா, அல்லது இந்தப் படங்களில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

செ.

*

அன்புள்ள செ.,

உங்கள் மகன் சொன்னது சரி. பாறை அட்டைதான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். கூத்தில் வீமன் தூக்கிவரும் கதாயுதம் எதனால் செய்தது என்று யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. அவன் அதைத் தூக்கும்போது அவன் முதுகு வளைகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ரீவ்ஸிடம் நீங்கள் பார்த்ததும் அதுதான். அட்டைப் பாறைக்கு எடை இல்லை. எடையை அவர்தான் தர வேண்டும், தோளிலிருந்தும் தொடையிலிருந்தும் எடுத்து. அது தெரியாத நடிகன் கையில் பாறை உடனே அட்டையாகிவிடும். அப்படிப்பட்டவர்களும் இந்தப் படங்களில் நிறையவே உண்டு.

ஆனால் ரீவ்ஸ் மாபெரும் நடிகர் என்பதை என்னால் ஏற்க முடியாது. முகத்தில் இரண்டு பாவங்கள், அதில் ஒன்று தாடி. நீங்கள் கேட்ட குரலும் அவருடையதல்ல. அக்காலத்து இத்தாலியில் படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிவதில்லை. அமெரிக்கர் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரே நிற்பவர் இத்தாலியத்தில் பதில் சொல்வார். குரல்களைப் பிறகு வேறு ஆட்களை வைத்துச் சேர்த்தார்கள். உயர்ந்த கலைப்படங்களுக்கும் அங்கே இதுதான் வழக்கம். இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் படங்களில் வாய் பொருந்தாமல் போகும்போது நாம் சிரிப்பதில்லை, குறிப்பெடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லலாம். அவன் பார்த்தது படத்தின் ஒரு பகுதியைத்தான். இவற்றில் பெரும்பாலானவை அகலத்திரைப் படங்கள், உயரத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கு மேல் அகலம். தொலைக்காட்சிக்காக இரு பக்கமும் வெட்டியபோது ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வண்ணமும் வெளுத்து ஒரு மாதிரி இளஞ்சிவப்பாக மிஞ்சியது. இணையத்தில் நீண்ட நாட்களாகச் சுற்றுபவை பெரும்பாலும் அந்தப் பிரதிகள்தான். அவற்றை வைத்து இந்தப் படங்களை எடைபோடுவது, கழுத்துக்கு மேல் உடைந்துபோன சிலையைப் பார்த்துவிட்டுச் சிற்பிக்கு முகம் செதுக்க வராது என்பதைப் போன்றது.

இனி உங்கள் கேள்வி. இருக்கிறது. ஆனால் அது என்னவென்று சொல்ல 1914-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு டூரின் நகரத்தில் ஜொவான்னி பாஸ்ட்ரோனே ‘கபீரியா’ என்ற பிரம்மாண்டமான ஊமைப்படத்தை எடுத்தார். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த போர் பின்னணி. மொலோக் தெய்வத்துக்குப் பலியிடக் கொண்டுபோன ஒரு சிறுமியை ஒரு ரோமானியனும் அவனுடைய அடிமையும் மீட்கிறார்கள். அந்த அடிமைதான் மாச்சிஸ்தே. நடித்தவர் பார்த்தலோமியோ பகானோ, ஜெனோவா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எஜமானை மறந்துவிட்டு ரசிகர்கள் அடிமையின் பின்னால் போனார்கள். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பகானோ வரிசையாக மாச்சிஸ்தே படங்களில் நடித்தார், 1926-இல் நரகத்துக்கே போய்வந்தார். சிறுவனாக அந்த நரகப் படத்தைப் பார்த்ததுதான் தன் முதல் திரை நினைவு என்று ஃபெல்லினி சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரு கறையும் உண்டு, மறைக்க மாட்டேன். ‘கபீரியா’வில் மாச்சிஸ்தே ஓர் ஆப்பிரிக்கன். பகானோவுக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். ரசிகர்களுக்குப் பிடித்துப்போனதும் அடுத்த படங்களில் வண்ணத்தைக் கழுவி அவனை வெள்ளை இத்தாலியன் ஆக்கிவிட்டார்கள். முதல் உலகப்போரில் அவனை ஆல்ப்ஸ் மலைப் படைவீரனாகவும் அனுப்பினார்கள். பிறகு வந்த முசோலினி மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு கோதுமை அறுவடையில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்த உடலுக்கும் இந்த உடலுக்கும் உறவே இல்லை என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

எனவே 1958-இல் பியெத்ரோ பிரான்சீஷி ஒரு பலசாலியைத் திரும்பவும் திரைக்குக் கொண்டுவந்தது சாதாரண விஷயமல்ல. பலசாலி ஒருவனை நம்பிக் கெட்ட நாடு அது. கெட்டுப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. நீங்கள் ‘ஹெர்குலிஸ்’ என்று பார்த்த படத்தின் இத்தாலியப் பெயர் வேறு, ‘ஹெர்குலிஸின் பாடுகள்’ என்று சொல்லலாம். அவர்கள் வைத்த சொல் ‘ஃபத்திக்கே’. பாடுபடுவது, உடம்பு அலுத்துப்போகும் வேலை என்று பொருள். எனக்கு இந்தப் படங்களின் சாவி அந்தச் சொல்லில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், ஹெர்குலிஸ் எங்கே வாள் சுழற்றுகிறான்? சுழற்றும் இடங்கள்தான் படத்தில் சோர்வானவை. நம் நினைவில் நிற்பவை எல்லாம் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, தாங்குவது. நீங்கள் சொல்லும் மரம் படத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. இளவரசி இயோலேயின் தேர்க்குதிரைகள் மிரண்டு ஓடுகின்றன, அவன் மரத்தைப் பிடுங்கிக் குறுக்கே போடுகிறான். கடைசியில் சங்கிலிகளைத் தூண்களில் சுற்றி இழுத்து அரண்மனை முகப்பையே சாய்க்கிறான். இவை போர்வீரனின் செயல்கள் அல்ல, சுமைகூலியின் செயல்கள். மூட்டை தூக்கிய பகானோ தொடங்கிய மரபு இது. பின்னால் வந்த கிர்க் மாரிஸ்கூட வெனிஸில் படகு தள்ளிய அட்ரியானோ பெல்லினிதான். அமெரிக்கப் பெயர் இருந்தால்தான் சீட்டு விற்கும் என்று பெயரை மாற்றினார்கள்.

இதே படத்தில் பலரும் கவனிக்காத ஒரு காட்சி உண்டு. ஹெர்குலிஸ் குறிசொல்பவளிடம் போய்த் தன் சாகாவரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். மனிதர்களைப் போல வாழ வேண்டும், அவர்களைப் போல அடிபட வேண்டும் என்பது அவன் ஆசை. மழை கொட்டுகிறது, அவன் நனைந்துகொண்டு நிற்கிறான். அந்த ஒரு நிமிடத்துக்காக ரீவ்ஸுக்கு நீங்கள் தந்த பட்டத்தில் பாதியைத் தர எனக்குச் சம்மதம். இந்த வகைப் படங்களில் பலசாலி அரியணையில் அமர்வதும் அரிது. கொடுங்கோலனைச் சாய்ப்பான், மக்கள் ஆரவாரம் செய்வார்கள், அவன் கிளம்பிவிடுவான். முசோலினி கிளம்பவில்லை என்பதை அரங்கில் இருந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

ரீவ்ஸின் கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1947-இல் மிஸ்டர் அமெரிக்கா. சாம்சன் வேடத்துக்கு அவரைப் பரிசீலித்த ஹாலிவுட் இயக்குநர் செசில் பி. டிமில், உடம்பைக் குறைக்கச் சொன்னார். வேடம் வேறொருவருக்குப் போயிற்று. எந்த உடம்பு அதிகம் என்று ஒதுக்கினார்களோ அதைத்தான் இத்தாலி வாங்கிக்கொண்டது. பிறகு ஜோசப் லெவின் என்ற அமெரிக்க விநியோகஸ்தர் அந்தப் படத்தைச் சுமார் 1,20,000 டாலருக்கு வாங்கி, அதைப்போல் பல மடங்கு பணத்தை விளம்பரத்தில் கொட்டி, 1959 கோடையில் நூற்றுக்கணக்கான அரங்குகளில் ஒரே நேரத்தில் வெளியிட்டார். ஒதுக்கிய ஊர்க்காரர்களே வரிசையில் நின்று பார்த்தார்கள். அதன்பின் 1965 வரை இத்தாலியில் இத்தகைய படங்கள் நூற்றுக்கும் மேல் வந்தன. நம் நாட்டிலும் அலை அடித்தது. 1964-இல் தாரா சிங் இந்தியில் ஹெர்குலிஸாகவும் சாம்சனாகவும் வந்துபோனார்.

மாச்சிஸ்தே யாரென்று அமெரிக்கர்களுக்குத் தெரியாது. அதனால் அங்கே போனதும் அவன் ஹெர்குலிஸ், கோலியாத், சாம்சன் ஆகிவிட்டான். நீங்கள் பார்த்த நான்கு பேரில் பல இடங்களில் ஒரே ஆள்தான் இருந்திருப்பான்.

இந்த வகைக்குப் பெயர் வைத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலக்காரர்கள் வாளும் செருப்பும் என்று காலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு விமர்சகர்கள் ‘பெப்ளம்’ என்றார்கள், அது பழங்கிரேக்கப் பெண்கள் உடுத்திய ஆடை. இரண்டிலும் ஏளனம் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் ஏளனத்தோடு கூர்ந்தும் பார்த்தார்கள். விட்டோரியோ கொட்டாஃபாவியை ஒரு கலைஞராக முதலில் மதித்ததில் அவர்களுக்குப் பங்குண்டு.

கொட்டாஃபாவியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், பார்த்திருந்தால் கடிதத்தில் வந்திருக்கும். 1961-இல் அவர் எடுத்தது ஹெர்குலிஸ் அட்லாண்டிஸை வெல்லும் கதை. ‘சிறைப்பட்ட பெண்கள்’ என்று ஆங்கிலத்தில் ஓர் அசட்டுத் தலைப்பு ஒட்டியிருக்கும், அதைக் கண்டு ஓடிவிட வேண்டாம். ரெஜ் பார்க் அதில் ஹெர்குலிஸ். (ஆஸ்திரியாவில் ஒரு சிறுவன் இவரைப் பார்த்துத்தான் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போனான். அவன் பெயர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர்.) படம் ஒரு சாராயக்கடைச் சண்டையோடு தொடங்குகிறது. எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள், ஹெர்குலிஸ் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். உலகத்தைக் காக்கக் கப்பலேற்றுகிறார்கள், அங்கே தூங்குகிறான். மற்றவர்கள் பதறப் பதற அவன் சோம்பல் முறிக்கிறான். பலம் உள்ளவனுக்கு அவசரம் எதற்கு?

பிறகுதான் படம் இருள்கிறது. அட்லாண்டிஸின் அரசி அந்தினேயாவிடம் யுரேனஸ் தெய்வத்தின் இரத்தத்திலிருந்து உறைந்த கல் ஒன்று இருக்கிறது. அதன்முன் குழந்தைகளை நிறுத்தினால் சிலர் ஒரே அச்சில் வார்த்த பொன்முடி வீரர்களாகிறார்கள். மற்றவர்கள் உருக்குலைந்துபோகிறார்கள், அவர்களைக் குழியில் தள்ளிவிடுகிறார்கள். ஹிட்லரின் போர் முடிந்து பதினாறு ஆண்டுகளில், அணுகுண்டுச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோது, சனிக்கிழமை மாலை பிள்ளைகளோடு வந்தவர்களுக்கு இதைக் காட்டினார்கள். கலைப்படம் எடுத்தவர்கள் இதே விஷயத்தை மெதுவாக, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்கள். கொட்டாஃபாவி அதையே தூங்குமூஞ்சிப் பலசாலி ஒருவனை வைத்துச் சொல்லிவிட்டார்.

மரியோ பாவாவையும் விட முடியாது. முதல் ஹெர்குலிஸ் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர்தான். 1961-இல் தானே இயக்கி ஹெர்குலிஸைப் பாதாளத்துக்கு அனுப்பினார். கையில் காசில்லை. புகையையும் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளையும் வைத்துக்கொண்டு ஒரு நரகத்தையே கட்டியெழுப்பினார். வெட்டினால் இரத்தம் சொட்டும் கொடிகள், கல்லறையிலிருந்து எழுந்து பறந்துவரும் பிணங்கள். வில்லன் கிறிஸ்டோபர் லீ. அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு அவருக்கும் வேறொருவரைப் பேசவைத்தார்கள், அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மற்றவற்றில் பத்துக்கு ஏழு தேறாது. நடனக்காட்சி வந்தால் நான் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொள்வேன். கீழைநாட்டுக்காரன் என்றால் வஞ்சகன் என்ற வழக்கமும் சலிப்பூட்டும். இருந்தாலும் தேறாத படங்களிலும் சில கிறுக்குத்தனங்களை நான் விரும்புகிறேன். 1962-இல் ரிக்கார்டோ ஃப்ரேடா மாச்சிஸ்தேயை மறுபடியும் நரகத்துக்கு அனுப்பினார். கதை நடப்பது சூனியக்காரிகளை எரித்த காலத்து ஸ்காட்லாந்தில். எல்லோரும் கனத்த உடுப்பில் இருக்கும் ஊருக்குள் ஓர் ஆள் இடுப்புத்துணியோடு குதிரையில் வந்து இறங்குகிறான். யார், எங்கிருந்து, ஏன் சட்டை இல்லை? படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. வந்தவன் ஒரு மரத்தைப் பிடுங்குகிறான், அதன் அடியில் நரகத்தின் வாசல்.

1964-இல் செர்ஜியோ லியோனேயின் கௌபாய்த் துப்பாக்கிப் படம் வந்ததும் தயாரிப்பாளர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். லியோனே தன் பெயரில் இயக்கிய முதல் படமே ரோட்ஸ் தீவின் பெருஞ்சிலையைப் பற்றிய வாள்-செருப்புப் படம்தான். ரீவ்ஸ் 1968-இல் ஒரு துப்பாக்கிப் படத்தோடு நிறுத்திக்கொண்டு கலிபோர்னியாவில் குதிரை வளர்க்கப் போய்விட்டார்.

உங்கள் நண்பர் தந்த அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மகனுக்கு இதையெல்லாம் விளக்கவும் வேண்டாம், விளக்கினால் எழுந்துபோய்விடுவான். கொட்டாஃபாவி படத்தின் முழு அகலப் பிரதி ஒன்றைத் தேடி எடுங்கள். இரவு சாப்பாட்டு நேரத்தில் போடுங்கள், ஹெர்குலிஸும் அப்போது சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பான். மகன் எந்த இடத்தில் சிரித்தான் என்று எனக்கு எழுதுங்கள். குழிக் காட்சியிலும் சிரித்தான் என்றால் அதையும் எழுதுங்கள்.